ஜீரோ முனையைப் பிடித்திருந்தவர்

அந்த நடைவழி முந்தாநாள் இருந்ததைவிட நேற்று ஒரு சாண் நீளமாக இருந்தது. இன்று காலையில் அளந்தபோது அதற்கும் மேலே ஒரு முழம் கூடியிருந்தது. கல்லையும் சுண்ணாம்பையும் வைத்து எந்தக் காலத்திலோ யாரோ கட்டி, கட்டியவர்களும் ஆண்டவர்களும் கைகழுவிவிட்டுப் போன ஒரு கோட்டை, ராத்திரியோடு ராத்திரியாக வளர்வதற்கு அது என்ன பூசணிக்கொடியா? ஆனால் டேப் அப்படித்தான் சொன்னது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். எண் மாறவில்லை.

அவளுக்கு வகுப்பில் பிடாரி என்று பெயர். வைத்தவன் கொக்கு. கடல் தாண்டிக் கட்டடக்கலை படிக்க வந்த அந்த வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான். வந்த புதிதில் அவளுடைய அம்மா போனில், "அடங்காப்பிடாரி, ஸ்வெட்டராவது போட்டுக்கிட்டியா?" என்று கத்தியது பக்கத்து மேஜையில் இருந்த அவன் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து பிடாரி. அவன் காலும் கழுத்துமாக வளர்ந்தவன், யோசிக்கும்போது ஒரு காலைத் தூக்கி மறுகாலில் தேய்த்துக்கொண்டு நிற்பான். அதனால் அவன் கொக்கு. கணக்கு தீர்ந்தது.

மலைமேல் இருந்த அந்தக் கோட்டைக்கு வகுப்போடு வந்து மூன்றாம் நாள். குழுவுக்கொரு இடிபாட்டைப் பிரித்துக் கொடுத்திருந்தார் பேராசிரியர். இவர்கள் இருவருக்கும் கிடைத்தது மேற்குப் பக்கம் இருந்த ஒரு நடைவழி. மேலே வளைந்த கூரை, இரண்டு பக்கமும் கருங்கல், நேராக உள்ளே போய் ஒரு சுவரில் முட்டி நிற்கும். அந்தச் சுவர்தான் கோட்டையின் வெளிச்சுவர். அதற்கு அப்பால் ஒன்றுமில்லை, செங்குத்தான பள்ளம். வாசலில் உட்கார்ந்து வரைந்தால் அரை நாளில் முடிகிற வேலை.

நேற்று மாலை பேராசிரியர் எல்லார் வரைபடத்தையும் தங்கும் விடுதியின் சுவரில் வரிசையாக ஒட்டினார். இவர்களுடையதன் முன்னால் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தச் சுவரு எதுல நிக்குது?" என்று அந்த நாட்டு மொழியில் கேட்டார். "நீ போட்டிருக்கற அளவுப்படி பாத்தா, வெளிச்சுவரத் தாண்டிப் போயி ஆகாசத்துல தொங்குது."

வகுப்பு சிரித்தது. கொக்குவும் சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தான். அளவைப் படித்து எழுதிய பிடாரி சிரிக்கவில்லை.

"டேப்ல வந்தது அதுதான் சார்."

"அப்போ பாத்தவங்க கண்ணு தப்பு. நாளைக்குச் சாயங்காலம் பஸ் கிளம்பறதுக்குள்ள சரியான அளவு என் கைக்கு வரணும். வரலைன்னா இந்தப் பாடத்துல நீ இல்ல. அளக்கத் தெரியாதவங்களுக்கு இங்க என்ன வேலை?"

அந்தப் பாடம் போனால் படிப்பு போகும், படிப்பு போனால் அந்த நாட்டில் இருக்க முடியாது. ஊரில் பெரியப்பா அதற்காகவே காத்திருக்கிறார். "இடிஞ்ச செவுத்த அளக்கறதுக்கு ஒரு பொண்ணு கடல் தாண்டிப் போகணுமா?" என்று வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்டவர் அவர். அவரோடு சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, அம்மாவைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றைக்காலில் நின்று அவள் வந்திருந்தாள். விமான நிலையத்தில் அவர் வந்து நின்று, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று பெட்டியை வாங்கிக்கொள்வதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"இதுல என்ன பெரிய யோசனை?" என்றான் கொக்கு. "கூடுதலா வர்றத வெட்டிட்டு வெளிச்சுவரு வரைக்கும் கோடு போட்டுடு. அவருக்கும் சந்தோஷம், நமக்கும் சோறு."

"நான் பாத்தத தப்புன்னு நானே எழுதிக் கொடுக்கணுமா? முடியாது."

"அப்போ வீட்டுக்குப் போறியா?"

"அதுவும் முடியாது."

மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனபோது, டார்ச்சை எடுத்துக்கொண்டு அவள் மட்டும் நடைவழிக்குள் போனாள். இரண்டு நாளாக அவள் வாசலில் நின்று டேப்பில் அளவைப் படித்துக்கொண்டிருந்தாளே தவிர உள்ளே கடைசிவரை போனதில்லை. டேப்பின் முனையை உள்ளே சுவரில் பிடிப்பது கொக்குவின் வேலை. வெளியே மண்டையைப் பிளக்கும் குளிர்காற்று அடித்துக்கொண்டிருக்க, உள்ளே நாலடி போனதுமே காற்று நின்று, அதுவரை காதில் இருந்த இரைச்சல் போன இடத்தில் தன் மூச்சும் எங்கோ சொட்டும் நீரும் மட்டும் கேட்க, ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் துவைத்துக் காயாத துணியும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறி நாக்கில் போய் உட்கார்ந்தது. பாதி வழியில் வலப்பக்கச் சுவர் இடிந்து முற்றத்துக்கு ஒரு ஓட்டை இருந்தது. அந்த வெளிச்சத்தைத் தாண்டிய பிறகு டார்ச் மட்டும்தான்.

கடைசிச் சுவர் அங்கேதான் நின்றது. பூச்சு உரியாமல் வழுவழுப்பாக, மற்றச் சுவர்களில் கிடக்கிற பாசிகூட இல்லாமல். அவள் முஷ்டியால் தட்டினாள். கெட்டிச் சுவர். விரிசல் இல்லை, கதவு இருந்த தடம் இல்லை, ஒரு எறும்பு நுழைய இடம் இல்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்ட மாதிரி சட்டென்று கையை எடுத்தாள். மூன்று நாளாக வெயிலே இல்லை, பின்னால் பனி விழுகிற பள்ளம். "சுண்ணாம்புன்னா சூட்டப் பிடிச்சு வச்சிருக்கும்" என்று தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொண்டாள். சொன்ன குரல் சுவரில் பட்டுத் திரும்பவில்லை. வெளியே வரும்போது அவள் ஓடவில்லை. ஓடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

பொழுது சாயத் தொடங்கியபோது கீழே பஸ்ஸில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிடாரி கொக்குவின் கையில் டேப்பின் முனையைத் திணித்தாள்.

"கடைசியா ஒரு தடவை."

"ஏய், இருட்டப் போகுது."

"அதுக்குள்ள முடிஞ்சிடும். போ."

அளக்கிற முறை எல்லாக் குழுவுக்கும் ஒன்றுதான். ஒருவர் ஜீரோ முனையைச் சுவரில் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் டேப் சுற்றிய பெட்டியோடு வாசற்படியில் நின்று எண்ணைப் படிக்க வேண்டும். வளைந்த கூரையின் கீழே கத்தினால் குரல் சிதறிவிடும், அதனால் பேச்சு டேப்பிலேயே நடக்கும். முனையில் இருப்பவர் இரண்டு முறை சுண்டினால் பிடித்துவிட்டேன் என்று அர்த்தம். படிப்பவர் ஒரு முறை சுண்டினால் விடு என்று அர்த்தம். இன்னொரு பழக்கமும் இருந்தது. சுவருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர் கையில் முனையைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். எந்தக் குழு, யார் என்றெல்லாம் முகம் பார்ப்பதில்லை. நீட்டிய கையில் வைப்பது, நீட்டினால் வாங்குவது. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் வேலை ஓட வேண்டுமே என்று பேராசிரியரே பழக்கியது அது.

கொக்கு உள்ளே போனான். கால் சத்தம் தேய்ந்தது. பெட்டியிலிருந்து டேப் சரசரவென்று உருவிக்கொண்டு போய், கொஞ்சம் நின்று, மறுபடியும் போய், நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டேப் விறைத்தது.

ஒரு சுண்டு. இன்னொரு சுண்டு.

அவள் குனிந்து வாசற்படிக் கல்லின் ஓரத்தில் எண்ணைப் பார்த்தாள். காலையில் வந்ததைவிட ஒரு ஆள் உயரம் கூடியிருந்தது. பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. கெட்டிச் சுவர். அவளே தட்டிப் பார்த்த சுவர். அதைத் தாண்டி ஒரு ஆள் உயரம் போய், இந்த நெட்டை எங்கே நின்றுகொண்டு பிடிக்கிறான்?

"டேய் கொக்கு! எங்கடா வச்சுப் பிடிக்கற?"

"என்ன பிடிக்கறேன்?" என்றது குரல்.

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

கொக்கு முற்றத்துப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தான். கையில் போன், மூச்சு இரைத்தது. "டிரைவர் ஹாரன் அடிச்சாரு, நீ கேக்கலையா? ஓட்டை வழியா முற்றத்துக்குப் போய், போன்ல கொஞ்சம் நிக்கச் சொல்லிட்டு வரேன்."

அவள் டேப்பைப் பார்த்தாள். கம்பி மாதிரி விறைப்பாக, இருட்டுக்குள் நேராகப் போயிருந்தது.

"நீ இங்க இருக்க." அவள் டேப் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். "அப்போ ஜீரோ யாரு கையில இருக்கு?"

"அவருகிட்டதான்."

"எவருகிட்ட?"

கொக்கு ஒரு காலைத் தூக்கி மறுகாலில் தேய்த்தான். "கத்தாத. எனக்கு வௌவால்னா ஆகாதுன்னு உனக்குத் தெரியும். முதல் நாளே நான் அந்த ஓட்டை வரைக்கும்தான் போனேன். அங்க இருட்டுலேர்ந்து ஒரு கை நீட்டுச்சு, கொடுத்தேன். வாங்கிட்டு உள்ள போயிட்டாரு. நான் ஓட்டை வழியா எட்டிப் பாத்துட்டு நிப்பேன், நீ சுண்டினதும் திரும்பி வந்துடுவேன். நேத்தும் அவருதான், காலையிலயும் அவருதான். இப்பவும் அவருதான். அடுத்த க்ரூப்பு ஆளுன்னு நெனச்சேன்."

"மூஞ்சியப் பாத்தியா?"

"யாரு மூஞ்சியப் பாத்துக் கொடுப்பா? நீ பாப்பியா?"

அவள் பார்த்ததில்லை. ஒரு நாளும் பார்த்ததில்லை. கீழே பஸ்ஸில் ஆள்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று யாரோ கத்துவது காற்றில் வந்தது. கொக்குவின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது.

அவள் ஒரு முறை சுண்டினாள். விடு.

டேப் விறைப்பாகவே இருந்தது. பிறகு, பொறுமையாக, சொன்னதைக் கேட்காத குழந்தைக்கு மறுபடி சொல்வதுபோல, உள்ளேயிருந்து பதில் வந்தது. ஒரு சுண்டு. இன்னொரு சுண்டு. பிடித்துக்கொண்டிருக்கிறேன், படி.

"போட்டுட்டு வா," என்றான் கொக்கு. அவன் குரல் கீச்சென்று ஏறியது. "டேப்பு போனா போகுது. வா பிடாரி, கால்ல விழறேன்."

"நீ போய் அவரக் கூட்டிட்டு வா."

"யார?"

"சாரத்தான்டா! வந்து அவரு கண்ணால பாக்கட்டும். கண்ணு தப்புன்னு சொன்னாருல்ல?"

கொக்கு ஓடினான். நீண்ட காலுக்கு அன்றைக்குத்தான் உருப்படியான வேலை கிடைத்தது.

பெட்டி அவள் கையில் ஒருமுறை துள்ளியது. டேப் உள்ளே போகத் தொடங்கியது. வேகமாக இல்லை, தையல்காரர் துணியை மிஷினுக்குள் தள்ளுவதுபோல ஒரே சீராக. விட்டுவிடலாம். விட்டால் டேப் போகும், அவள் பஸ்ஸில் ஏறலாம், நாளைக்கு டேப்பையும் தொலைத்துவிட்டுத் தப்பான அளவோடு வந்து நின்றவள் என்று கதை முடியும். பெரியப்பா விமான நிலையத்தில் பெட்டியை வாங்கிக்கொள்ள வந்து நிற்பார். பயம் அவளுக்கு இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய். ஆனாலும் இத்தனை பேர் சொல்லியும் கேட்காதவள், இருட்டுக்குள்ளிருந்து எவனோ இழுக்கிறான் என்பதற்காகவா விடுவாள்?

வாசற்படிக் கல்லில் வலது காலை ஊன்றிக்கொண்டாள். பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள்.

"கொடுடா," என்றாள். "அது என்னோடது."

கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு வந்தது.

அவ்வளவு சுலபமாக வந்ததுதான் தப்பாக இருந்தது. யாரோ சம்மதித்துவிட்டதுபோல. டேப் தளரவில்லை, விறைப்பு குறையவில்லை, பிடித்த பிடியோடு அது வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவள் சுற்றச் சுற்ற எண்கள் குறைந்தன. ஈர டேப், சுண்ணாம்பு வாடை, விரல் இடுக்கில் வெள்ளைச் சேறு. அவள் காதைத் தீட்டிக்கொண்டு கால் சத்தத்தைத் தேடினாள். ஆள் என்றால் நடக்க வேண்டும். நடந்தால் கேட்க வேண்டும்.

கால் சத்தம் இல்லை.

தரையில் எதுவோ உரசும் ஒலி மட்டும். நீளமாக. நிற்காமல்.

சொட்டிக்கொண்டிருந்த நீர் நின்றது. இடிந்த ஓட்டை வழியாக விழுந்துகொண்டிருந்த சாம்பல் வெளிச்சத்தை எதுவோ குறுக்கே மறைத்தது. மறைத்தபடியே இருந்தது. தாண்டிப் போய் முடியவில்லை.

எண்கள் குறைந்தன. இன்னும். இன்னும்.

வாசலுக்குள் விழுந்த கடைசி வெளிச்சத்தின் ஓரத்தில் டேப்பின் முனை வந்து நின்றது. வளையம். வளையத்தைப் பிடித்த விரல்கள். சரியான பிடி. நாலு விரல் கீழே, கட்டைவிரல் மேலே, ஜீரோ கோட்டின்மேல் பிசகாமல். பூச்சு நிறத்தில், பூச்சு மாதிரியே வழுவழுப்பாக. நகம் இல்லை. அந்தக் கைக்குப் பின்னால் மணிக்கட்டு, அதற்குப் பின்னால் கை, கை, கை. முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் முழங்கை இல்லை. தோள் வர வேண்டிய இடத்தில் தோள் இல்லை. தரையோடு கிடந்து, ஓட்டையின் வெளிச்சத்தைக் கடந்து, உள்ளே, கடைசிவரை, அந்தச் சுவர்வரை அது போயிருந்தது.

யாரும் வெளியே வரவில்லை. நீண்டுகொடுத்திருந்தது, அவ்வளவுதான்.

அவள் கத்தவில்லை. கத்தினால் காலில் இருக்கிற பலம் போய்விடும் என்று தோன்றியது. மெல்ல, முதல் கைக்குப் பக்கத்தில், தரையிலிருந்து இன்னொரு கை எழுந்தது. விரல்களை விரித்தது. உள்ளங்கையை மேலே காட்டி அவளை நோக்கி நீண்டு நின்றது. வகுப்பில் தினமும் நூறு முறை நீள்கிற கை. மறுமுனையையும் கொடு.

"தர மாட்டேன்," என்றாள் பிடாரி.

அது காத்திருந்தது.

"எவ்ளோ நேரம் வேணா நில்லு. தர மாட்டேன்."

பின்னால் சரளைக்கல்லில் கால் சத்தம். இது நிஜக் கால் சத்தம், ஷூ போட்ட சத்தம். பேராசிரியர் மூச்சு வாங்கத் திட்டிக்கொண்டே வந்தார். கொக்கு இன்னும் கீழேயிருந்து ஏறிக்கொண்டிருந்தான். அவருடைய முகம் பஸ்ஸின் பக்கம் திரும்பியிருந்தது, டிரைவருக்கு இதோ என்று ஒரு கையைக் காட்டிக்கொண்டிருந்தார். மறுகையை அவள் தோளுக்கு மேலாக முன்னால் நீட்டினார்.

"போதும். கொடு இங்க."

"தொடாதீங்க சார்! கைய எடுங்க!"

தமிழில் கத்தினாள். இத்தனை நாள் கஷ்டப்பட்டுக் கற்ற அந்த நாட்டு மொழியில் ஒரு சொல்லும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. அவருக்கு அது வெறும் கூச்சல்தான். எரிச்சலோடு கையை இன்னும் கொஞ்சம் நீட்டினார், பார்க்காமலே.

விரித்திருந்த உள்ளங்கை அவர் கையை வாங்கிக்கொண்டது.

முதல் கை வளையத்தை விட்டது. டேப் அவள் காலடியில் தொளதொளவென்று விழுந்தது. அளவு வேண்டாமாம் இனி.

பேராசிரியர் அப்போதுதான் திரும்பினார். வாய் திறந்தது. அவள் பெட்டியைப் போட்டுவிட்டு அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள். வாசற்படியில் இரண்டு காலையும் ஊன்றினாள். கொக்கு வந்து சேர்ந்து, உள்ளே ஒரு பார்வை பார்த்து, கீழே உட்கார்ந்தான். பிறகு, உட்கார்ந்தபடியே, அவள் போட்டிருந்த கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்தான்.

"இழுடா!"

"இழுக்கறேன்!"

"விட மாட்டேன்," என்றாள் அவள் இருட்டைப் பார்த்து. "இவரையும் விட மாட்டேன். என்ன பண்ணுவியோ பண்ணு."

விடவும் இல்லை. அவர் ஒரு அடிகூட உள்ளே போகவில்லை. வென்றுவிட்டோம் என்று ஒரு மூச்சு நேரம் அவள் நினைத்தாள். அவர் அசையாமல் அவள் பிடியிலேயே நின்றார், கண்ணைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு. அவளும் அங்கே பார்த்தாள். கோட்டுக் கையின் விளிம்பிலிருந்து அவருடைய மணிக்கட்டு வெளியே வந்திருந்தது. முன்னங்கை வந்தது. கடிகாரம் தூரத்தில் போயிருந்தது. அதற்குப் பிறகும் கை வந்துகொண்டே இருந்தது, ரத்தமில்லாமல், மடிப்பில்லாமல், மெல்ல வெளுத்துக்கொண்டு, கோட்டுக்குள்ளிருந்து இருட்டுக்குள், ஒரே சீராக.